மூடப்படாத பாத்திரமும் அண்டைவீட்டாரின் உரிமையும்



சென்ற ஐப்பசி மழையின்போது எங்கள் அண்டைவீட்டுச் சிறுமி டெங்குக் காய்ச்சலால் ஆறு நாட்கள் மருத்துவமனையில் கிடந்தாள். எட்டு வயதுப் பிள்ளை. ஐந்தாம் நாள் காய்ச்சல் தணிந்தது என்று வீட்டார் மகிழ்ந்திருந்த வேளையில்தான் அவளுடைய கை கால்கள் குளிர்ந்தன, நாடி தளர்ந்தது. அன்றிரவு முழுவதும் அவளுடைய வாப்பா தொழுகை விரிப்பை விட்டு எழவில்லை. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்துக்கொண்டாள்.

அவள் மருத்துவமனையில் இருந்த நாட்களிலேயே நகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் எங்கள் தெருவிற்கு வந்தனர். டெங்கு உறுதியான வீட்டைச் சுற்றியுள்ள வீடுகளையும் சோதிப்பது அவர்களுடைய வழக்கம். என் வீட்டில் தண்ணீர் தேங்க வழியே இல்லை என்று நான் உறுதியாகச் சொன்னேன். வந்திருந்த சகோதரி மறுத்துப் பேசவில்லை. பின்கட்டில் நாங்கள் பயன்படுத்தாமல் விட்டிருந்த கழிப்பறைக்குள் டார்ச் விளக்கை அடித்து, அங்கிருந்த வாளியைச் சுட்டிக் காட்டினார். தெளிந்த நீர். அதில் நூற்றுக்குக் குறையாத புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. என் வீட்டு வாளிக்கும் அந்தச் சிறுமி படுத்துறங்கும் அறைக்கும் இடையில் ஒரு சுவர்தான்.

அவளைக் கடித்த கொசு என் வாளியில் பிறந்ததுதான் என்று எவராலும் நிறுவ இயலாது. அன்று என் உள்ளம் அந்த வாதத்தைத்தான் முதலில் பற்றிக்கொண்டது. ஆயினும் இஷாத் தொழுகைக்குப் பின் அவளுடைய வாப்பாவைச் சந்தித்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் காக்கா, நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்றார்.

அந்தச் சொல் அவருடைய ஈமானுக்கு அழகு. ஆனால் அதே சொல்லை நான் சொல்லியிருந்தால்? வாளியில் புழு வளர்த்தவன் "கத்ர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருந்தால்? இக்கட்டுரையை எழுதத் தூண்டியது இந்தக் கேள்விதான். விதியின் மீதான நம்பிக்கை துன்பத்திற்கு ஆளானவருக்கு அருளப்பட்ட ஆறுதல். அலட்சியம் செய்தவர் தம் பொறுப்பை இறக்கி வைக்கும் சுமைதாங்கியாக அதை ஆக்கிக்கொள்ள மார்க்கத்தில் இடமில்லை. நம் ஊர்களில் டெங்கு மரணம் நிகழும்போதெல்லாம் ஜனாஸாவின் பின்னே நடப்பவர்கள் "அஜல் வந்துவிட்டது" என்று சொல்லிக் கலைகிறோம். அஜல் வந்தது மெய்தான். அது வந்த வழியில் நம்முடைய தொட்டியும் வாளியும் இருந்தனவா என்று பார்க்கும் கடமை அதனால் நீங்கிவிடுகிறதா?

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிப் பயணம் செய்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை ஸர்க் என்னுமிடத்தில் அறிந்து, தோழர்களுடன் கலந்தாலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து விரண்டோடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியை நோக்கியே செல்வதாக உமர் (ரலி) விடையளித்தார்கள். செழித்த கரையும் வறண்ட கரையுமாக இருக்கும் பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எந்தக் கரையில் மேய்த்தாலும் அது இறைவிதிப்படியே நிகழ்கிறது என்று உவமையும் கூறினார்கள். பிறகு அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழைவதையும் அங்கிருந்து தப்பி வெளியேறுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை அறிவித்தபோது, உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ள இந்நிகழ்ச்சியை கொரோனா காலத்தில் நாம் எத்தனையோ பயான்களில் கேட்டோம். மழைக்காலம் தோறும் வரும் டெங்குவுக்கு அதை நாம் நினைவுகூர்வதில்லை.

இந்நோயின் இயல்பைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியுள்ளது. ஏனெனில் நம்மிடையே நிலவும் தவறான எண்ணங்கள் பல.

டெங்கு ஒரு வைரஸ் நோய். அந்த வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகையால் நோயுற்று மீண்டவருக்கு அவ்வகைக்கு எதிரான பாதுகாப்பு நெடுங்காலம் நிலைக்கும். பிற மூன்று வகைகளுக்கு எதிராக அது நிலைப்பதில்லை. மேலும், இரண்டாம் முறை வேறொரு வகை தொற்றும்போது நோய் கடுமையாவதற்கான வாய்ப்பு கூடுகிறது. "எனக்கு ஒருமுறை வந்துவிட்டது, இனி வராது" என்று மன நிறைவுடன் சொல்வோர் இதை அறிதல் வேண்டும்.

நோயைப் பரப்புவது ஏடிஸ் எஜிப்டி என்னும் கொசு. உடலிலும் கால்களிலும் வெண்ணிறக் கோடுகள் கொண்டது. சாக்கடைக் கொசு வேறு, இது வேறு. நகராட்சி சாக்கடையைத் தூர்வாரவில்லை என்று குறை சொல்வது நியாயமாகவே இருக்கலாம். ஆனால் டெங்குக் கொசு பெரும்பாலும் நம் வீட்டிற்குள்ளும் வீட்டைச் சுற்றியும் நாம் சேமித்த அல்லது மறந்த நல்ல நீரில்தான் பிறக்கிறது. மூடியில்லாத சிமெண்ட் தொட்டி, மூடி உடைந்த சிண்டெக்ஸ், பிரிட்ஜின் பின்புறத் தட்டு, ஏர்கூலர், மாடியில் கிடக்கும் டயர், தோட்டத்துச் சிரட்டை, பூச்செடியின் அடித்தட்டு. வாரம் ஒருமுறை குழாய்த் தண்ணீர் வரும் ஊர்களில் மக்கள் குடங்களிலும் டிரம்களிலும் நீரைத் தேக்காமல் வாழ முடியாது. ஆகவே தண்ணீரைச் சேமிக்காதீர்கள் என்று அறிவுரை கூறுவது வீண். மூடி வையுங்கள் என்பதுதான் சொல்லத் தக்கது.

பெண் கொசு தன் முட்டைகளை நீர்மட்டத்தையொட்டிப் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். நான் என் வாளியைக் கவிழ்த்து, வேலை முடிந்தது என்று திரும்பியபோது அந்தப் பணியாளர் சகோதரி தேங்காய் நார் கேட்டதன் காரணம் இதுவே. நீரைக் கொட்டினால் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நம் தட்பவெப்பத்தில் முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் போதும். வாரத்திற்கு ஒருமுறை தேய்த்துக் கழுவினால் அந்தச் சுழற்சி அறுபடுகிறது.

வாரத்திற்கு ஒருமுறை என்றதும் நமக்கு நினைவிற்கு வரவேண்டியது வெள்ளிக்கிழமை. நகம் வெட்டிக் குளித்து, நல்லாடை அணிந்து, மணம் பூசிச் செல்லும் நாள். வெள்ளியை முன்னிட்டு வீட்டைத் துடைத்துச் சாம்பிராணி இடும் வழக்கம் நம் உம்மாமார்களிடம் இன்றும் இருக்கிறது. அந்த வேலைகளோடு தொட்டி தேய்ப்பதையும் சேர்த்துக்கொள்வதற்குப் புதிதாக எந்த ஏற்பாடும் தேவையில்லை. சாம்பிராணிப் புகையில் கொசு சற்று நேரம் விலகலாம். தொட்டியிலுள்ள புழுவிற்கு அதனால் ஒன்றும் நேராது.

இரவில் பாத்திரங்களை மூடுமாறும் நீர்த்துருத்திகளின் வாயைக் கட்டுமாறும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஏவியதாகவும், ஆண்டில் ஓர் இரவில் கொள்ளைநோய் இறங்குகிறது, மூடப்படாத பாத்திரத்தை அது விட்டு வைப்பதில்லை என்று காரணம் கூறியதாகவும் ஸஹீஹ் முஸ்லிமில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இந்த ஹதீஸை எடுத்துக்கொண்டு, பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே டெங்குவைப் பற்றிச் சொல்லப்பட்டுவிட்டது என்று மேடையில் முழங்குவோர் உண்டு. எனக்கு அந்தப் பேச்சில் ஈடுபாடில்லை. ஹதீஸ் டெங்குவைத்தான் குறித்தது என்று சொல்ல நமக்கு ஆதாரம் ஏது? மூடு என்று ஏவினார்கள். மூடுவது நம் வேலை. அதிசயம் பேசிக் களித்துவிட்டு, மாடித் தொட்டியைத் திறந்தே வைத்திருப்பவருக்கு அந்த ஹதீஸால் என்ன பயன்?

ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. குறிப்பாக, சூரியன் உதித்தபின் சில மணி நேரமும், மறைவதற்கு முந்தைய சில மணி நேரமும் அது தீவிரமாகக் கடிக்கும். நம் வழக்கங்களோடு இதைப் பொருத்திப் பாருங்கள். காலையில் குர்ஆன் ஓதப் பிள்ளைகள் மக்தபில் வரிசையாக அமர்ந்திருக்கும் நேரம் அது. அஸருக்குப் பின் மஃரிப் வரை பெரியவர்கள் பள்ளிவாசல் வராந்தாவில் இளைப்பாறும் நேரமும் அதுவே. நிழலடர்ந்த, குளிர்ந்த கூடம். சப்பணமிட்டு அமர்ந்த பிள்ளைகளின் வெறுங்கால்கள். பத்தடி தூரத்தில் ஒளூச் செய்யும் இடம். பள்ளிவாசல் நிர்வாகத்தினர் இதை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பழைய பள்ளிகளின் ஹவுளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நாள்தோறும் கை கால்கள் பட்டு அலையும் நீரும், அதில் நீந்தும் மீன்களும் கொசுப்புழுவை வளர விடுவதில்லை. மீன் விட்ட முன்னோர் கப்பி, கம்பூசியா என்ற பெயர்களை அறிந்திருக்கமாட்டார்கள், செயலை அறிந்திருந்தார்கள். ஹவுளை மூடிவிட்டுக் குழாய் வரிசை அமைத்த புதிய பள்ளிகளில்தான் கவனம் வேண்டும். மேல்நிலைத் தொட்டியின் மூடி, பயன்பாடற்ற கழிப்பறையின் பீங்கான், மூலையில் அடுக்கிய ஒளூக் குவளைகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மையவாடியையும் மறந்துவிடக் கூடாது. கப்ருக்கு நீர் தெளித்துவிட்டு அங்கேயே விட்டுச் செல்லும் மண்சட்டிகளும் பிளாஸ்டிக் போத்தல்களும் மழையில் நிறைகின்றன. மோதினார் ஒருவரே இவை அனைத்தையும் பார்த்துக்கொள்வார் என்று விடுவது அநீதி. அவருடைய ஊதியம் என்னவென்று நமக்குத் தெரியும்.

இனி, பலரைச் சங்கடப்படுத்தக்கூடிய செய்திக்கு வருகிறேன். நம் ஊர்களில் பூட்டிய வீடுகள் மிகுதி. துபாயிலும் ரியாதிலும் சென்னையிலும் குடும்பத்தோடு வாழ்வோர் ஊரில் கட்டிய வீடுகள், ஆண்டில் ஒரு மாதம் திறக்கப்படுகின்றன. எஞ்சிய பதினொரு மாதங்களும் மாடித் தொட்டியில் நீர் நிற்கிறது. மழைநீர் குழாயில் சருகு அடைத்து மொட்டைமாடியே குளமாகிறது. உள்ளே நுழைந்து பார்க்க எவருக்கும் உரிமையில்லை. இந்தக் கொசு நெடுந்தூரம் பறப்பதில்லை. தான் பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்ளேயே அதன் வாழ்வு முடிந்துவிடும். எனவே பூட்டிய வீட்டுக் கொசு கடிப்பது, அந்தத் தெருவில் இருப்பவர்களைத்தான். பெரும்பாலும் உரிமையாளரின் சொந்தக்காரர்களை. அண்டைவீட்டார் பசித்திருக்கத் தான் மட்டும் உண்பதைக் கண்டித்த மார்க்கம், அண்டைவீட்டாரைத் தன் தொட்டியால் நோயுறச் செய்வதை எப்படி ஏற்கும்? தனக்கோ பிறருக்கோ தீங்கு கூடாது என்னும் நபிமொழியை ஃபிக்ஹு அறிஞர்கள் சட்ட விதியாகவே எடுத்தாண்டிருக்கிறார்கள். வெளிநாட்டுச் சகோதரர்கள் புறப்படும் முன் தொட்டியை வற்றச் செய்து, சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைத்து, மாதம் இருமுறை மாடியைப் பார்க்கச் சொல்வது சதக்கா அல்ல, கடமை என்றே நான் கருதுகிறேன்.

பணியாளர்களை வீட்டிற்குள் அனுமதிப்பதிலும் நம்மிடம் தயக்கம் இருக்கிறது. ஆண்கள் இல்லாத வேளையில் அந்நிய ஆண்களை அனுமதிக்க இயலாது என்பது மதிக்கத்தக்க காரணம். அதற்கு விடை கதவடைப்பதன்று. ஜமாஅத் சார்பில் நகராட்சிக்குக் கடிதம் எழுதிப் பெண் பணியாளர்களை அனுப்பக் கேட்கலாம். இப்பணியில் பெண்கள் பலர் இருக்கவே செய்கின்றனர். குறிப்பேட்டுடன் வாசலில் நிற்பவர் எவராயினும் ஐயத்துடன் நோக்கப்பட்ட காலம் ஒன்றும் அண்மையில் இருந்தது. அந்த அச்சத்தின் காரணம் நாம் அறிந்ததே. ஆயினும் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்க்கும் ஏழைப் பெண்ணிடம் அந்த அச்சத்தைக் காட்டுவதில் பொருளில்லை. கடையநல்லூர் மக்களைக் கேட்டால் சொல்வார்கள். 2012இல், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் டெங்கு கடுமையாகத் தாக்கிய ஊர்களில் நம் சமுதாயத்தார் மிகுந்து வாழும் அந்த ஊரும் ஒன்று. அவ்வாண்டில் தமிழகத்தில் அரசுக் கணக்கின்படி 12,826 பேர் பாதிக்கப்பட்டனர். 66 பேர் இறந்தனர். 2017இல் பாதிக்கப்பட்டோர் 23,000ஐத் தாண்டினர். அதே 2017இல் கடலுக்கு அப்பால் இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்; நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

நோய் வந்துவிட்டால் செய்ய வேண்டியவற்றில் சிலவற்றை மட்டும் குறிப்பிடுகிறேன். ஏனையவற்றை மருத்துவர் சொல்வார். கொசு கடித்து 4 முதல் 10 நாட்களுக்குள் திடீரெனக் கடுங்காய்ச்சல், கண்ணின் பின்புறம் வலி, மூட்டுவலி, சில வேளை உடலில் செந்தடிப்பு ஆகியவை தோன்றும். பாராசிட்டமால் கொடுக்கலாம், ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் கூடாது, அவை இரத்தக்கசிவிற்கு வழிவகுக்கும். மிக முக்கியமானது, பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் தணியும் வேளையே ஆபத்தான வேளை என்பது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர்மம் கசிந்து, இரத்த அழுத்தம் சரிவது அப்போதுதான். என் அண்டைவீட்டாரைப் போலவே பலரும் "காய்ச்சல் விட்டது" என்று நிம்மதியடைகின்றனர். கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கருநிற மலம், குளிர்ந்த கை கால், தெளிவற்ற மயக்கம் அல்லது அமைதியின்மை, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது.

தட்டணு எண்ணிக்கை என்ற ஒன்றே குடும்பங்களை ஆட்டிப் படைக்கிறது. எண்ணிக்கை இறங்கியதும் தட்டணு ஏற்றச் சொல்லி மருத்துவரோடு வாதிடுகின்றனர். வாட்ஸ்அப்பில் இரத்தம் வேண்டி அழைப்பு பறக்கிறது. இரத்தக்கசிவு இல்லாத நோயாளிக்கு எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தட்டணு ஏற்றுவது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. உயிரைக் காப்பது உரிய அளவில், உரிய நேரத்தில் கொடுக்கப்படும் நீர்மமே. நிலவேம்புக் குடிநீரையும் பப்பாளி இலைச் சாற்றையும் நம்புவோரோடு நான் சண்டையிட விரும்பவில்லை. அவற்றை நம்பி மருத்துவமனை செல்வதைத் தள்ளிப்போடுவோரோடு சண்டையிடுவேன். ரமழானில் காய்ச்சல் வந்தால் நோன்பை விடாப்பிடியாகப் பிடிக்கும் பெரியவர்களிடமும் இதையே சொல்வேன். நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் நிறைவேற்றும் சலுகையைக் குர்ஆனே அளித்திருக்க, நீரிழப்பு உயிரைப் பறிக்கக்கூடிய இந்நோயில் அதை மறுப்பது பேணுதல் ஆகாது.

நாம் அறவே கவனிக்காத ஒன்று, நோயாளியைக் கொசுவிடமிருந்து காப்பது. நோயுற்றவரின் இரத்தத்தில் வைரஸ் இருக்கும் முதல் சில நாட்களில் அவரைக் கடிக்கும் கொசு, ஏறத்தாழ 8 முதல் 12 நாட்களுக்குப் பின் தன் ஆயுள் முடியும் வரை பிறருக்கு நோயைப் பரப்பும். அது தொந்தரவுக்கு உள்ளானால் ஒருவரை விட்டு மற்றொருவர் என்று பலரைக் கடித்தே வயிற்றை நிரப்பும். எனவே வீட்டில் கிடக்கும் நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வைக்க வேண்டும். நோயுற்ற ஒட்டகங்களை நலமாக உள்ளவற்றோடு சேர்க்க வேண்டாம் என்ற நபிமொழியின் கருத்திற்கு இது நெருக்கமானது. நோய் விசாரிக்கச் செல்வது சுன்னத். ஐந்தாறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அஸர் வேளையில் சென்று அமர்வது சுன்னத்தன்று.

தடுப்பு முயற்சிகளில் முஸ்லிம் நாடொன்றின் முன்மாதிரியும் உண்டு. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில், வோல்பாக்கியா என்னும் நுண்ணுயிரைக் கொண்ட ஏடிஸ் கொசுக்களை வெளியிட்டு ஆய்வு செய்தனர். அந்நுண்ணுயிர் கொசுவுக்குள் டெங்கு வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது. வெளியிடப்பட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்ததென 2021இல் முடிவுகள் வெளியாயின. புதுச்சேரியிலுள்ள நம் நாட்டு ஆய்வு மையமும் அத்தகைய கொசுக்களை உருவாக்கியிருக்கிறது. அவை நம் தெருவிற்கு வரும் நாளில் வதந்திக்குச் செவிசாய்க்காதிருக்கும் பக்குவம் நமக்கு வேண்டும். அதுவரை நம்மிடம் இருப்பது மூடியும் தேங்காய் நாரும்தான். புகை மருந்து வண்டியும் இருக்கிறது, உண்மைதான். அதன் பின்னே பிள்ளைகள் ஓடுவதைக் காணும்போது ஏதோ நடக்கிறது என்ற திருப்தி பெரியவர்களுக்கு உண்டாகிறது. அது பறக்கும் கொசுவில் சிலவற்றைக் கொல்லும். தொட்டியிலுள்ள புழு மறுவாரம் அந்த இடத்தை நிரப்பும்.

எங்கள் மஹல்லாவில் சென்ற மாதம் ஒரு சிறு ஏற்பாடு செய்துகொண்டோம். ஒவ்வொரு வெள்ளியும் காலை ஒன்பது மணிக்கு மக்தபின் மூத்த மாணவர்கள் எண்மர், உஸ்தாதுடன் பள்ளிவாசலையும் மையவாடியையும் பூட்டிய வீடுகள் பதினொன்றின் மாடிகளையும் பார்க்கின்றனர். பதினொன்றில் ஏழு வீடுகளின் சாவி கிடைத்துவிட்டது. நான்கு வீட்டாரிடம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒருவர் தொலைபேசியை எடுப்பதில்லை. முதல் வெள்ளியன்று மாணவர்கள் புழு கண்ட இடம் எங்கள் பள்ளிவாசலின் மேல்நிலைத் தொட்டி. முத்தவல்லி அன்று மாலையே மூடிக்குச் சொல்லி அனுப்பினார்.